நினைவு மாளிகையில் ஒரு மழை நாள்

 

மழை நாள் என்றால் பட்டணத்தாருக்கு ஒரு பொருள். நமக்கு வேறொரு பொருள். பட்டணத்தில் மழை பெய்தால் குடையை விரித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். பால் மரத்துக்கு யார் குடை பிடிப்பது? பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் இறங்கிய பாலும் கெட்டுவிடும். மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கையில் வருவதும் குறையும். மழையைக் கண்டால் தோட்டத்துப் பெரியவர்களின் முகம் வாடுவதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளைகளுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களுக்குத் தேவை ஒரு வேடிக்கை. பள்ளி விடுமுறை, வெளியே மழை, வீட்டிலோ நாலு பிள்ளைகள். என்ன செய்வது? தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்துவிட்டால் சத்தம் அடங்கும். ஆனால் அறிவு வளருமா?

இந்தக் கேள்விக்கு ஒரு விடை சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு பழைய அரண்மனையைப் பார்த்து வாருங்கள் என்பதே அந்த விடை. "மழையிலா?" என்று கேட்பீர்கள். ஆம், மழையிலேதான்! மரத்தால் கட்டிய ஒரு வீட்டின் அருமை மழை நாளில்தான் தெரியும்.

ஓர் ஆண்டு இறுதி விடுமுறையில் எங்கள் பள்ளி மாணவர்கள் 26 பேரும் பெற்றோர் 14 பேருமாகப் பேராக் மாநிலத்தின் அரச நகரமாகிய கோலகங்சாருக்குப் போய் வந்தோம். புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு தந்தையார் என்னிடம் வந்தார். "சார், பிள்ளைங்களக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனா ஓடி விளையாடும். ராசா வீட்டப் பாத்து நமக்கு என்னா சார் ஆவப்போவுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அரண்மனை என்றால் பெரிய இடம், நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை என்ற கூச்சம் நம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. "வந்து பாருங்கள், திரும்பி வரும்போது பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன். அவரும் வந்தார்.

விடியற்காலையிலேயே தூறல் பிடித்துவிட்டது. பேருந்து கோலகங்சாரை நெருங்கும்போது நல்ல மழை. பேராக் ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஆற்றைக் கண்டதும் பிள்ளைகள் சன்னலோரம் கூடிவிட்டார்கள். இந்த ஆற்றங்கரையில்தான் பேராக் சுல்தான்கள் பல நூறு ஆண்டுகளாக வாழ்ந்து வந்தார்கள். தண்ணீர், மீன், படகுப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் ஆறுதான் ஆதாரம். ஆனால் அதே ஆறு பெருகினால் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். 1926-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பெருவெள்ளம் இந்த நாட்டின் வரலாற்றிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று. ஊரைவிட உயரமான புக்கிட் சண்டான் குன்றில் அரண்மனைகள் அமைந்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்பது, கலங்கி ஓடும் ஆற்றைப் பார்த்தவுடன் பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கியது.

குன்றின்மேல் முதலில் கண்ணில் படுவது உபுடியா பள்ளிவாசல். பொன்னிறக் கூம்புகள் மழையில் கழுவிவிட்டாற்போல் பளிச்சிட்டன. சுல்தான் இட்ரிஸ் காலத்தில், 1913-இல் தொடங்கிய வேலை 1917-இல்தான் முடிந்தது. அதற்கு வரைபடம் போட்டவர் ஹப்பக் என்ற ஆங்கிலேயர். கோலாலம்பூர் இரயில் நிலையத்தையும் ஈப்போ இரயில் நிலையத்தையும் அமைத்தவர் அவரே. வேலை ஏன் இவ்வளவு தாமதமானது தெரியுமா? ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுல்தானின் யானையும் ராஜா சூலானின் யானையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு ஓடியதில், இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்களை மிதித்து நொறுக்கிவிட்டன! மறுபடியும் கப்பலில் கல் வரவேண்டியதாயிற்று. வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் சொன்னது அரசருக்கும் பொருந்தும் போலும்.

பள்ளிவாசலைக் கடந்து சிறிது தூரம் போனால் நாம் பார்க்க வந்த வீடு. அதன் பெயர் இஸ்தானா கெனாங்கான். 'கெனாங்கான்' என்ற மலாய்ச் சொல்லுக்கு நினைவு என்று பொருள். ஆகவே அதை நாம் நினைவு மாளிகை என்று சொல்லலாம். அதற்கு வேறு பெயர்களும் உண்டு. பள்ளத்தில் இருப்பதால் இஸ்தானா லெம்பா என்பார்கள். மூங்கில் பின்னிய சுவர் உடையது என்பதால் இஸ்தானா தெப்பாஸ் என்றும் சொல்வார்கள்.

அரண்மனை என்றதும் பிள்ளைகள் கோட்டையையும் கொத்தளத்தையும் எதிர்பார்த்திருந்தார்கள். நேரில் கண்டதோ தரையிலிருந்து தூக்கிக் கட்டிய ஒரு நீண்ட மர வீடு. "சார், இது கம்பத்து வீடு மாதிரியில்ல இருக்கு!" என்றான் ஒரு மாணவன். அவன் சொன்னது சரி. கம்பத்து வீடு எந்த அறிவைக்கொண்டு கட்டப்பட்டதோ, அதே அறிவைக்கொண்டு கட்டியதுதான் இந்த அரண்மனையும். அளவும் அழகும்தான் வேறு.

இதன் வரலாற்றைக் கேளுங்கள். சுல்தான் இஸ்கண்டார் ஷா 1918 முதல் 1938 வரை பேராக்கை ஆண்டவர். அவருடைய ஆணைப்படி 1926-இல் இந்த வீடு கட்டப்பட்டது. பின்னர், இஸ்தானா இஸ்கண்டாரியா என்ற பெரிய அரண்மனை எழும்பிக்கொண்டிருந்தபோது, 1931 முதல் 1933 வரை சுல்தானின் குடும்பம் இந்த மர வீட்டில் தங்கியது. நிரந்தர வீடு தயாராகும் வரையில் ஒதுங்கி இருக்க ஒரு தற்காலிக வீடு! தற்காலிகமாகத் தங்கிய வீட்டைக் கூட நினைவு மாளிகை என்று பெயர் சூட்டிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் செய்திக்குப் பிறகு வருகிறேன்.

இதைக் கட்டியவர் ஹாஜி சொபியான் என்ற மலாய்த் தச்சர். அவருடைய மகன்கள் அவருக்குத் துணை. காகிதத்தில் வரைபடம் போடாமல், மனக்கணக்கிலேயே முழு வீட்டையும் அமைத்தார்கள் என்கிறார்கள். உறையில் போட்ட வாள் போல வீட்டின் வடிவம் அமைந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட வியப்பு, இந்த வீட்டில் ஓர் இரும்பு ஆணிகூட அடிக்கப்படவில்லை என்பதுதான்.

ஆணி இல்லாமல் வீடு எப்படி நிற்கும்? பிள்ளைகள் கேட்டார்கள், பெரியவர்களும் கேட்டார்கள். ஒரு மரத்தில் துளை போடுவார்கள். அதனோடு சேரவேண்டிய மரத்தின் நுனியை அந்தத் துளைக்குச் சரியாகச் செதுக்குவார்கள். இதற்குக் கழுந்து என்று பெயர். கழுந்தைத் துளையில் நுழைத்து, குறுக்கே ஒரு மர முளையை இறுக்கிவிட்டால் அசையாது. நம் ஊர்ப் பழைய தேர்களையும் மாட்டு வண்டிகளையும் செய்த ஆசாரிமார்களுக்கும் இந்த வித்தை கைவந்ததுதான்.

ஆணி கிடைக்காததால் இப்படிச் செய்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1926-இல் கடையில் ஆணிக்குப் பஞ்சமில்லை. நம் நாட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். இரும்பு அப்படி ஊதுவதுமில்லை, சுருங்குவதுமில்லை; ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். நாளடைவில் துருப்பிடித்த ஆணியைச் சுற்றித் துளை பெரிதாகிப் பலகை ஆடத் தொடங்கும். நம் லயத்து வீடுகளில் பலகைச் சுவர் இருந்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். மர முளையோ, மரத்தோடு சேர்ந்து ஊதும், மரத்தோடு சேர்ந்து சுருங்கும். இதை அறிவது அனுபவ அறிவு. எத்தனையோ தலைமுறைத் தச்சர்கள் மழையையும் வெயிலையும் பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம் அது.

அந்த நேரத்தில் மழை வலுத்தது. எல்லாரும் கூரை விளிம்பின் கீழே ஒதுங்கி நின்றோம். அப்போதுதான் வீடு தானே பாடம் சொல்லத் தொடங்கியது. கூரைச் சரிவில் விழுந்த தண்ணீர் ஒரு கணமும் தேங்காமல் இறங்கி, சுவரைத் தொடாமல் தள்ளிப்போய்த் தரையில் விழுந்தது. வீடு உயரத்தில் இருப்பதால் தரையில் ஓடிய தண்ணீர் பலகையைத் தீண்டவில்லை. வெளியே அவ்வளவு மழை. உள்ளே புழுக்கம் இல்லை. காற்று எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. "சன்னல் கொஞ்சமாத்தானே தொறந்திருக்கு, காத்து எங்கேருந்து வருது?" என்று ஒரு தாயார் கேட்டார்.

விடை சுவரில் இருந்தது. மூங்கிலைக் கிழித்துச் சீவி, மெல்லிய பட்டைகளாக்கி, பாய் முடைவது போல முடைந்த சுவர் அது. மூங்கில் கூடையும் முறமும் முடைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வரியில் இரண்டு பட்டைகளைத் தாண்டி ஒரு பட்டையின் கீழே நுழைக்க வேண்டும். அடுத்த வரியில் ஓர் இடம் தள்ளித் தொடங்க வேண்டும். அப்படித் தள்ளித் தள்ளிப் போனால் பின்னலில் சாய்ந்த கோடுகள் உண்டாகும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே செய்தால் கோடுகள் சந்தித்துச் சாய்சதுரங்களாகும். இந்தப் பின்னல் வேலையைக் கெலாராய் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளின் வழியே சுவர் மூச்சு விடுகிறது. மழைக்கும் மறைப்பு, காற்றுக்கும் வழி.

சுவரில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என மூன்று நிறங்களைக் காணலாம். இவை அழகுக்காக மட்டும் தீட்டியவை அல்ல. பேராக் மாநிலக் கொடியின் நிறங்களும் இவையே. மேலே உள்ள வெள்ளை சுல்தானைக் குறிக்கும்; நடுவிலுள்ள மஞ்சள் ராஜா மூடாவைக் குறிக்கும்; கீழே உள்ள கறுப்பு ராஜா டி ஹிலிரைக் குறிக்கும். பேராக்கில் பட்டத்துக்கு வரும் வரிசை இது. ஒரு மூங்கில் சுவரைப் பார்த்தே ஒரு மாநிலத்தின் அரசியல் அமைப்பைப் படித்துவிடலாம். மாணவர்கள் இந்த மூன்று நிறங்களையும் தங்கள் ஏட்டில் வரைந்துகொண்டார்கள்.

இந்த மாளிகை 1986-இல் அரச அருங்காட்சியகம் ஆயிற்று. நாங்கள் போன நாளில் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. நனைந்த காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு ஏறினோம். அரச குடும்பத்தின் பழைய நிழற்படங்களும் அரச உடைமைகளும் வைக்கப்பட்டிருந்தன. அங்கே பணியில் இருந்த மலாய்ப் பெரியவர் ஒருவரைப் 'பாக் சிக்' என்று அழைத்துப் பிள்ளைகள் மலாயில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். மொழி கற்பதன் பயன் அன்று பெற்றோருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

அங்கே மாணவர்களுக்கு நான் சொன்ன செய்தி ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பள்ளியில் 'நெகாராகூ' பாடுகிறார்களே, அந்த மெட்டு எங்கிருந்து வந்தது? பேராக் மாநிலக் கீதத்திலிருந்து வந்தது. 1874-இல் பங்கோர் ஒப்பந்தம் ஆன பிறகு பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பெர்ச் என்பவர் 1875-இல் கொல்லப்பட்டார். அதை ஒட்டி சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர்கள் 1877-இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள செய்ஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். அந்தத் தீவில் கேட்ட ஒரு மெட்டே பிறகு மாநிலக் கீதமாயிற்று என்பார்கள். 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது அதே மெட்டு தேசிய கீதத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சொந்த மண்ணைவிட்டுக் கடல் கடந்து வாழ்ந்த ஓர் அரசரின் கதை நம் பிள்ளைகள் பாடும் பாட்டுக்குள் இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை புரியாமல் போகுமா?

இப்போது, இந்தப் பேச்சின் உயிரான இடத்துக்கு வருகிறேன். எங்களோடு வந்தவர்களில் வயது முதிர்ந்த பாட்டி ஒருவர் இருந்தார். பால்மரம் வெட்டியே நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நின்று பார்த்தவர் என்னிடம் திரும்பி, "சார், ராசா படம் இருக்கு, ராணி படம் இருக்கு. இந்த வீட்டக் கட்டுன ஆசாரி படம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்.

"படம் என் கண்ணில் படவில்லை, பாட்டி. ஆனால் அவருடைய பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லி, ஹாஜி சொபியானின் பெயரைச் சொன்னேன்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பேரு இருந்தாப் போதும் சார். எங்கப்பாவும் காட்ட அழிச்சித்தான் கன்னு நட்டாரு. அவரு பேரு எங்க சார் எழுதியிருக்கு?"

நேயர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது விடை இல்லை. ஆனால் அதே ஊரில், சிறிது தூரத்தில், அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கும் ஒன்று நிற்கிறது. எல்லாரையும் அங்கே அழைத்துக்கொண்டு போனேன்.

மாவட்ட அலுவலகத்துக்கு அருகே, வேலி போட்டுப் பாதுகாத்த ஒரு கிழட்டு மரம். அது ஒரு ரப்பர் மரம்! பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். ஆயுள் முழுதும் பால் மரத்தோடு வாழ்ந்தவர்கள், அத்தனை பருமனான ஒன்றைக் கண்டதில்லை. மழைத்தண்ணீர் அதன் பட்டையில் வழிந்துகொண்டிருந்தது.

ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை 3,000-க்கும் குறைவே. அந்த வழியில் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றில் ஒன்பதைப் பேராக்கின் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தம் இல்லத் தோட்டத்தில் நட்டார். அந்த ஒன்பதில் எஞ்சி நிற்கும் மரம் இது என்று சொல்லப்படுகிறது. பின்னர் சிங்கப்பூர்ப் பூமலையில் 1888 முதல் பணியாற்றிய ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். நம் தாத்தாவும் பாட்டியும் கையில் எடுத்த வெட்டுக் கத்தியின் கதை அங்கே தொடங்குகிறது.

பாருங்கள்! விதை கொண்டுவந்த விக்கம் பெயர் இருக்கிறது. கன்று நட்ட லோ பெயர் இருக்கிறது. வெட்டும் முறை சொன்ன ரிட்லி பெயர் இருக்கிறது. ஆனால் காட்டை அழித்து, மலேரியாக் காய்ச்சலில் நடுங்கி, இலட்சக்கணக்கான ஏக்கரில் நிறை நிறையாகக் கன்று நட்டு, விடிவதற்கு முன்னே மரம் தேடிப் போனவர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலில் இருக்கின்றன? அவர்கள் உழைக்கவில்லை என்பதால் இல்லை. எழுதி வைக்க ஆளில்லாததால் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நினைவு மாளிகை கட்டப்பட்டது 1926-இல் என்று சொன்னேன் அல்லவா? அதே 1926-ஆம் ஆண்டில்தான் ரஜூலா என்ற கப்பலும் கட்டப்பட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறக்கிய கப்பல் அது. 1973 வரை ஓடியது. அரசர் குடும்பத்துக்காக ஹாஜி சொபியான் மூங்கில் சுவர் முடைந்த காலத்திலேயே, நம் குடும்பங்களில் பல, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு கப்பல் தட்டில் படுத்து வந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே காலத்து வரலாறு. மாளிகை நிற்கிறது. கப்பல் இன்று இல்லை. அதில் வந்தவர்களும் அநேகமாக இல்லை. அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டவர்கள் மட்டும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால்?

தோட்டங்களின் நிலையும் உங்களுக்குத் தெரியும். பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அந்த நிலையை எதிர்கொள்ளத்தான், இதே கோலகங்சார் மாவட்டத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வழி செய்தார். அப்படியும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ஒரு தோட்டம் மூடப்பட்டால் லயம் இடிக்கப்படும். ஆயாக் கொட்டகை, கோயில், பெரட்டுக் களம் எல்லாம் அடையாளம் தெரியாமல் போகும். அரசர் இரண்டு ஆண்டு தங்கிய வீடு நினைவு மாளிகையாக நிற்கிறது. நம்மவர்கள் மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்துக்கு நினைவு மாளிகை யார் கட்டுவார்கள்? நாமேதான் கட்ட வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விடுமுறையில் ஒரு மழை நாளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். பிள்ளை கேட்கட்டும், பெரியவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். "தாத்தா, உங்க அப்பா பேர் என்ன? அம்மா பேர் என்ன? எந்த ஊர்லேருந்து வந்தாங்க? எந்தக் கப்பல்? முதல்ல எந்தத் தோட்டம்? கூட்டிட்டு வந்த கங்காணி யாரு? ஜப்பான்காரன் காலத்துல எங்க இருந்தாங்க? இரயில் பாதை போட யாராவது சயாமுக்குப் போனாங்களா, திரும்பி வந்தாங்களா?" இப்படிக் கேட்டாலே போதும். ஆண்டு நினைவில்லாவிட்டால், 'பெரிய வெள்ளம் வந்த வருசம்' என்று சொன்னால்கூட அப்படியே எழுதுங்கள். வீட்டில் பழைய படம் இருந்தால், படத்தில் யார் யார் என்பதைப் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பாட்டிகளை மறந்துவிடாதீர்கள். ஆண்கள் தோட்டத்தின் கதையைச் சொல்வார்கள். குடும்பத்தின் கதை பெண்களிடம்தான் இருக்கும்.

இது வெறும் பெருமைக்காக மட்டும் சொல்வதல்ல. பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, அடையாளக் கார்டு இவற்றையும் அதே வேளையில் எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் பெயர் ஒன்றில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் எழுதியிருக்கிறதா? யாருக்காவது பிறப்புப் பத்திரமே எடுக்காமல் விட்டுப்போயிருக்கிறதா? தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும்போது தாள்கள் தொலைந்துபோன குடும்பங்கள் உண்டு. அதனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கவும் அலைந்து அல்லல்பட்ட பெற்றோரை ஓர் ஆசிரியர் என்ற முறையில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். எழுதப்படாத பெயர், தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது. தாள்களை ஒரு நெகிழிப் பையில் போட்டு, மழைத்தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

அரண்மனை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சில வார்த்தைகள். பழைய மரக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்காக அவ்வப்போது மூடிவைப்பதுண்டு. ஆகவே திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியிலிருந்து கூரையையும் சுவரையும் பார்ப்பதே பாதிப் பாடம். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் செலவு குறையும். நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் போனோம். மாற்றுடையும், நனைந்த துணியைப் போட ஒரு பையும் மறவாதீர்கள். ஆற்றின் அக்கரையில் உள்ள சாயோங் பகுதியில் செய்யும் 'லாபு சாயோங்' என்ற கறுப்பு மண்குடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுரைக்காய் வடிவில் இருக்கும். சுட்ட சூட்டோடு நெல் உமியில் போட்டு எடுப்பதால் அந்தக் கறுப்பு நிறம் வருகிறது. நம் வீட்டு மண்பானையைப் போலவே தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

ராசா வீட்டைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்ட அந்தத் தந்தையார் என்ன சொன்னார் தெரியுமா? திரும்பும் வழியில் பேருந்தில் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தார். மகளுடைய ஏடு ஒன்றை என்னிடம் நீட்டினார். அதன் முதல் பக்கத்தில் அவருடைய தாத்தா பெயர், பாட்டி பெயர், பிறந்த ஊர், இறங்கிய துறைமுகம், வேலை செய்த மூன்று தோட்டங்கள் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தன. "இது தப்பில்லாம இருக்கான்னு எழுத்து மட்டும் பாருங்க சார்" என்றார். எழுத்தில் இரண்டு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு இனித் தன் தந்தையின் பாட்டி யார் என்று தெரியும்.

பெற்றோர்களே! ஓர் அரண்மனையைக் கட்டிய தச்சரின் பெயர், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் நமக்குத் தெரிகிறது. யாரோ ஒருவர் அதைக் கேட்டு, எழுதி வைத்ததால் தெரிகிறது. இந்த நாட்டின் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்பியவர்களின் பெயர்களும் அப்படித் தெரியவேண்டும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே எழுதுங்கள்.